நொச்சிக்குப்பம் முதல் பிச்சாவரம் வரை: கடலோரம் உறிஞ்சும் கார்பனை யார் அளப்பது?

சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் நகரத்தின் நிகர கார்பன் உமிழ்வைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. அதே மாதக் கடைசியில் மத்திய அரசு கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. அந்தச் சந்தையில் வரவு பெறத் தகுதியான வழிகளில் ஒன்றாக அலையாத்திக் காடு வளர்ப்பும் 2025-ல் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசும் நெய்தல் மீட்சி இயக்கம் என்ற பெயரில் கடலோரச் சூழலை மீட்கும் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது.

இத்தனைக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: மரமும் சதுப்பு நிலமும் காற்றில் இருக்கும் கார்பனை உறிஞ்சிவிடும். உண்மைதான். ஆனா எவ்வளவு உறிஞ்சும்? யார் அளந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் விற்கப்படும் கார்பன் வரவு, எடைக்கல் இல்லாத தராசில் மீன் வாங்குவது மாதிரி.

கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மெரினா லூப் ரோடு ஓரமாக இருக்கிறது நொச்சிக்குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சாந்தோமும் மயிலாப்பூரும். கொஞ்ச தூரம் தெற்கே போனால் அடையாறு கழிமுகம். கடலோரத் திட்டம், நகரத் திட்டம், வெப்பம் தணிக்கும் திட்டம் என்று எது வந்தாலும் முதலில் வந்து நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் கார்பனை அளக்கும் அறிவியல் என்ன, அதில் நம்பக்கூடியது எது, நம்பக்கூடாதது எது என்பது இங்கே இருப்பவர்களுக்கும் தேவைப்படும் விஷயம்.

எதை அளக்கிறார்கள்?

காடு, வயல், சதுப்பு நிலம், ஏன், ஒரு தெருகூட மேலே இருக்கும் காற்றோடு நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பேரேட்டில் மூன்று பத்திகள் உண்டு.

முதல் பத்தி, கார்பன். பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை இழுக்கின்றன. அதே மரத்தின் இலையும் தண்டும் வேரும், மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களும் இரவு பகல் பாராமல் சுவாசித்து அதை வெளியே விடுகின்றன. இழுத்ததில் விட்டதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர வரவு. வரவை மட்டும் சொல்லிச் செலவை மறைத்தால் அது குடும்பக் கணக்கு ஆகாது. 'இந்த மரம் இவ்வளவு கார்பனை இழுக்கும்' என்று விளம்பரப் பலகையில் எழுதுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பாதிக் கணக்கு.

இரண்டாவது பத்தி, தண்ணீர். இலைத் துளைகள் வழியாகவும் ஈர மண்ணிலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் எழும் ஆவி.

மூன்றாவது, வெப்பம். தரையில் விழும் வெயில் சும்மா போவதில்லை. ஒரு பங்கு திருப்பி அனுப்பப்படுகிறது. ஒரு பங்கு தரைக்குள் இறங்குகிறது. மிச்சம் இரண்டாகப் பிரியும்: ஒன்று தண்ணீரை ஆவியாக்கும், மற்றொன்று காற்றை நேரடியாகச் சூடாக்கும். இந்த இரண்டும் எந்த விகிதத்தில் பிரிகின்றன என்பதுதான் ஓர் இடம் சுடுமா, குளிருமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

கருவாடு காயப்போடும் இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈர மீனை மணலில் பரப்பியதும் வெயிலின் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. மீன் அவ்வளவாகச் சுடாது. ஈரம் வற்றிய பிறகு அதே வெயில் மீனையும் சுட வைக்கும், கீழே மணலையும் சுட வைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை 40 நிமிடம் விடாமல் ஓட்டினால் செலவாகும் அளவு அது. மரமும் குளமும் இருக்கும் இடம் குளுகுளுவென்று இருப்பதற்கு நிழல் மட்டும் காரணம் இல்லை. அங்கே இந்த ஆவியாதல் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. தார்ச் சாலையில் ஆவியாக ஒன்றுமில்லை. வந்த வெயில் அத்தனையும் சூடாகவே திரும்பும்.

சரி, இதை எப்படி அளக்கிறது?

காற்று தரைக்கு இணையாக ஒழுங்காக வீசுவது போலத் தெரிந்தாலும், அதற்குள் சின்னதும் பெரிசுமாகச் சுழல்கள் உருண்டுகொண்டே இருக்கும். ஒரு கணம் காற்று மேலே போகும், மறுகணம் கீழே வரும். ஒவ்வொரு சுழலும் தன்னோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு என்று தூக்கிக்கொண்டு போகிறது.

ஒவ்வொரு சுழலையும் ஓர் அன்னக்கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு கரைக்கு வந்ததும் கூடைகள் படகுக்கும் கரைக்கும் போய் வருகின்றன. போன கூடையும் வந்த கூடையும் எண்ணிக்கையில் சமம்தான். ஆனால் கரைக்கு வரும் கூடையில் மீன் இருக்கும். படகுக்குத் திரும்பும் கூடை காலி. ஒவ்வொரு கூடையும் எந்தத் திசையில் போகிறது, எடை எவ்வளவு என்று விடாமல் குறித்து வந்தால், மொத்தம் எவ்வளவு மீன் கரையேறியது என்று சொல்லிவிடலாம். படகுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

காற்றிலும் இதையேதான் செய்கிறார்கள். மரங்களின் தலைக்கு மேலே நிற்கும் ஒரு கோபுரத்தில் இரண்டு கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று, ஒலி அலையைக் கொண்டு காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. மூன்று ஜோடி முனைகளுக்கு இடையே மீயொலி போய்வர எடுக்கும் நேரத்தை வைத்து, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதையும் அது சொல்லிவிடும். மற்றது, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, காற்றில் அந்தக் கணத்தில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இருக்கிறது என்று பார்க்கும் கருவி. இரண்டும் விநாடிக்கு 10 அல்லது 20 தடவை அளக்கும். விநாடிக்கு 10 என்றாலே அரை மணி நேரத்துக்கு 18,000 அளவுகள். இவற்றைப் பெருக்கி, சராசரி எடுத்தால் அந்த அரை மணியின் நிகரக் கணக்கு கிடைக்கும்.

கீழே வரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும், மேலே போகும் காற்றில் குறைவாகவும் இருந்தால், நடுவில் இருந்த காடு அதை எடுத்துக்கொண்டது என்று பொருள். எதிர்மாறாக இருந்தால், காடு வெளியே விட்டது. இந்த முறைக்கு 'எடி கோவேரியன்ஸ்' என்று பெயர். இப்படி ஏறி இறங்கும் அளவை 'ஃப்ளக்ஸ்' என்றும், கோபுரத்தை 'ஃப்ளக்ஸ் டவர்' என்றும் சொல்வார்கள். ஃப்ளக்ஸ் என்றதும் நம்ம ஊரில் கட் அவுட் பேனர்தான் ஞாபகம் வரும், இது வேற. தமிழில் பாய்வுக் கோபுரம் எனலாம்.

இந்த யோசனை புதிதல்ல. 1951-ல் டபிள்யூ. சி. ஸ்வின்பேங்க் வெப்பத்தையும் நீராவியையும் இப்படி அளக்கலாம் என்று காட்டினார். அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து விடாமல் அளக்கிறார்கள். 1997-ல் உலகெங்கும் உள்ள கோபுரங்களை இணைக்கும் ஃப்ளக்ஸ்நெட் வலையமைப்பு உருவானது.

இந்தியாவில் யார் அளக்கிறார்கள்?

இஸ்ரோ தன் தேசிய கார்பன் திட்டத்தின் கீழ் மத்தியப் பிரதேசத்தின் பேதுல், உத்தராகண்டின் பர்கோட், மேற்கு வங்கத்தின் சுந்தரவனம் போன்ற இடங்களில் கோபுரங்களை நிறுவியது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 'மெட்ஃப்ளக்ஸ் இந்தியா' என்ற பெயரில் இன்னொரு வலையமைப்பை உருவாக்கியது. அசாமின் காசிரங்கா அதில் ஒன்று. நமக்கு நெருக்கமான பிச்சாவரமும் அதில் உண்டு.

சிதம்பரம் பக்கத்தில், வெள்ளாறு, கொள்ளிடம் இரண்டின் கழிமுகங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரவிய அலையாத்திக் காடு பிச்சாவரம். 2022-ல் பள்ளிக்கரணை, கரிக்கிலியோடு சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் புனே நிறுவனமும் சேர்ந்து இங்கே கோபுரம் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வெப்பத்தோடு மீத்தேனையும் அளந்தன. மீத்தேன் பற்றிய ஆய்வும் வெளியானது.

பிச்சாவரத்துக்கு இன்னொரு பாடமும் சொந்தம். ஒரு காலத்தில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியதில் தரை பள்ளமாகி, உள்ளே வந்த அலைநீர் வெளியேற முடியாமல் தேங்கியது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, செடி முளைக்காத பொட்டல் ஆனது. வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்து போக வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது புரிந்திருக்காது. தண்ணீர் ஓட்டம் சரியில்லாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் கார்பன் கணக்கு ஏறாது.

ஒரே வகைக் காடு, ஐந்து மடங்கு வித்தியாசம்

இப்போது எண்களைப் பார்ப்போம். சுந்தரவனத்தில் 2012 ஏப்ரல் முதல் ஓராண்டு அளந்தபோது, ஒரு சதுர மீட்டர் காடு நிகரமாக எடுத்துக்கொண்ட கார்பன் சுமார் 249 கிராம். ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2.5 டன் கார்பன். அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 12-ஆல் வகுத்து 44-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 9 டன் வரும். கார்பன் என்று சொல்கிறார்களா, கார்பன் டை ஆக்சைடு என்று சொல்கிறார்களா என்பதைக் கவனிக்காவிட்டால் இங்கேயே கணக்கு மூன்றரை மடங்கு மாறிப்போகும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எவர்கிளேட்ஸ் அலையாத்திக் காட்டில் 2004-ல் இதே முறையில் அளந்தபோது சதுர மீட்டருக்குச் சுமார் 1,170 கிராம் கார்பன் கிடைத்தது. சுந்தரவனத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டும் அலையாத்திக் காடுதான். மரத்தின் உயரம், உப்பின் அளவு, ஆற்று நீர் வரத்து, வெப்பம் எல்லாம் வேறு.

அதனால் 'அலையாத்திக் காடு ஹெக்டேருக்கு இவ்வளவு டன் உறிஞ்சும்' என்று ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் பெருக்கிப் போடுவது ஆபத்தானது. ஃபுளோரிடா எண்ணை எடுத்து நம் கடலோரத்துக்குப் பெருக்கினால் காகிதத்தில் நிறைய வரவு காட்டலாம். காற்றில் அது இருக்காது. அந்த வரவை வாங்கிய ஆலையோ, தான் வெளியிட்ட புகைக்கு ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.

இன்னும் மூன்று விஷயங்கள் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குகின்றன. ஒன்று, மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் உருவாகும் இந்த வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். உப்பு அதிகமுள்ள இடத்தில் இது குறைவாகவும், நன்னீரும் கழிவுநீரும் கலக்கும் இடத்தில் கூடுதலாகவும் உருவாகும். சாக்கடை கலக்கும் அடையாறு கழிமுகத்தில் இதைக் கழிக்காமல் வரவை மட்டும் எழுத முடியாது.

இரண்டு, அலை. காடு பிடித்த கார்பனில் ஒரு பகுதி இலைதழையாகவும் தண்ணீரில் கரைந்தும் வற்றும் அலையோடு கடலுக்குப் போய்விடும். கோபுரம் மேலும் கீழும் போவதைத்தான் பார்க்கும். பக்கவாட்டில் போவது அதன் கண்ணில் படாது.

மூன்று, புயல். எவர்கிளேட்ஸில் அளந்துகொண்டிருந்த அதே காட்டை 2005 அக்டோபரில் வில்மா புயல் சிதைத்தது. நமக்கு 2016 டிசம்பர் 12 வர்தா புயல் மறந்திருக்காது. ஒரே நாளில் சாய்ந்த மரங்கள், பல வருடம் சேர்த்த கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்தன.

சென்னையின் கணக்கு எப்படிப் போடப்பட்டது?

மாநகராட்சியின் செயல்திட்டப்படி 2018-19-ல் சென்னையின் பசுங்குடில் வாயு உமிழ்வு சுமார் 1.44 கோடி டன். இதில் 71 சதவீதம் கட்டடங்களிலும் தொழில்களிலும் செலவாகும் மின்சாரம் போன்ற ஆற்றலால் வருவது. போக்குவரத்து 16 சதவீதம், கழிவு 13 சதவீதம்.

இந்த எண் காற்றில் அளந்து வந்ததில்லை. இத்தனை யூனிட் மின்சாரம், இத்தனை லிட்டர் பெட்ரோல், இத்தனை டன் குப்பை என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணியால் பெருக்கிப் போடும் கணக்கு. உலகம் முழுக்க நகரங்கள் இப்படித்தான் போடுகின்றன. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் இருப்பு பெட்டியிலும் இருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும் இல்லையா?

லண்டனில் அப்படித் திறந்து பார்த்தார்கள். நகர நடுவில் இருக்கும் பிடி டவர் உச்சியில், சுமார் 190 மீட்டர் உயரத்தில் இதே கருவிகளை வைத்தார்கள். கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் புத்தகக் கணக்கும் காற்றுக் கணக்கும் ஓரளவு ஒத்துப்போயின. மீத்தேனில்தான் குட்டு உடைந்தது. புத்தகம் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காற்றில் இருந்தது.

கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று கழிவுநீர் தேங்கும் நீர்வழிகளும், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளும் உள்ள சென்னைக்கு இது நேரடியான எச்சரிக்கை. கழிவின் பங்கு 13 சதவீதம் என்று புத்தகம் சொல்கிறது. அதைச் சரிபார்க்க ஒரு வழி, காற்றைக் கேட்பது.

நொச்சிக்குப்பத்தில் ஒரு கோபுரம் வைத்தால்?

கோபுரம் தன் காலடியை அளப்பதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்து நிலத்தைத்தான் அளக்கிறது. தோராயமாக, கருவி இருக்கும் உயரத்தைப் போல நூறு மடங்கு தூரம் வரை ஒரே சீரான நிலம் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. பத்து மீட்டர் உயரத்தில் வைத்தால் ஒரு கிலோமீட்டர்.

லூப் ரோடு ஓரமாக வைத்தால், பகலில் கடற்காற்று வீசும்போது அது கடலையும் மணலையும் அளக்கும். இரவில் கரையிலிருந்து காற்று திரும்பும்போது மயிலாப்பூரின் வாகனப் புகையையும் அடுப்பையும் அளக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'நொச்சிக்குப்பத்தின் கார்பன் இவ்வளவு' என்று சொன்னால் அது அபத்தம். வாடையா, தென்றலா, கொண்டலா, கோடையா என்று திசை வாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். காற்றின் திசையைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிற குப்பத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணலில் உப்புக் காற்று கருவியின் கண்ணாடியை மங்கலாக்கும். மழை பெய்தால் அளவு தடைபடும். காற்று அசையாத இரவில் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கிவிடும். கோபுரம் அதைக் குறைத்துக் காட்டும். இப்படி விடுபட்ட நேரங்களைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். வந்த வெயிலையும், ஆவியும் சூடுமாகப் போனதையும் ஒப்பிட்டால் பல இடங்களில் 20 சதவீதம் வரை இடிக்கும். இது துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த, இன்னும் முழுசாகத் தீராத பிரச்சினை. கருவிகளுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். அதைவிட முக்கியம், வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஆக, குப்பத்து மணலில் கார்பனை அளப்பதால் பெரிய பலன் இல்லை. கார்பன், மீத்தேனுக்குக் கோபுரம் வைக்கப் பொருத்தமான இடம் பக்கத்திலேயே இருக்கிறது: அடையாறு கழிமுகமும், 2011-ல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவும். அங்கே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை அலையாத்திகளை நட்டு வளர்த்திருக்கிறது. சுற்றிலும் நகரம், உள்ளே கழிவுநீரும் கடல்நீரும் கலக்கும் ஓடை. அளப்பது கஷ்டம், ஆனால் அளந்தால் சென்னைக்கே உரிய விடை கிடைக்கும்.

குப்பத்துக்கு இதில் என்ன இருக்கு?

நொச்சிக்குப்பத்துக்கு அவசரமாகத் தேவைப்படுவது அந்தப் பேரேட்டின் மற்ற இரண்டு பத்திகள்: ஈரமும் வெப்பமும்.

கோடையில் மேற்கிலிருந்து வரும் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அன்று நகரம் கொதிக்கும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடலோரத்தில் வெப்பமானி அவ்வளவு காட்டாது. ஆனால் ஈரம் அதிகம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் உடம்பின் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. 35 டிகிரிதானே என்று வெப்பமானியை மட்டும் பார்த்துச் சொல்வது, வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கும் அம்மாக்களுக்குப் பொருந்தாது.

2023 ஏப்ரலில் லூப் ரோடு கடைகளை மாநகராட்சி அகற்றத் தொடங்கியபோது மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலை ஓரத்தைவிட உள்ளே சூடு குறைவா, கூடுதலா? கூரைக்குக் கீழே காற்றோட்டம் எப்படி? பனிக்கட்டி எவ்வளவு சீக்கிரம் கரைகிறது? இவற்றை அளக்கக் கோபுரமே வேண்டாம். வெப்பம், ஈரம், காற்றின் வேகம், கதிர்வீச்சு ஆகியவற்றை அளக்கும் சில எளிய கருவிகள் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒன்று, அங்காடிக்குள் ஒன்று, மணலில் ஒன்று. ஓராண்டு அளந்தாலே, எங்கே நிழல் வேண்டும், எந்தச் சுவர் காற்றைத் தடுக்கிறது என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது.

மரம் நடுவதுதானே, அதுல என்ன தப்பு?

மரம் நடுவதில் தப்பில்லை. எங்கே, எதற்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் அலை தடுப்பு என்று சவுக்கு வரிசைகள் வந்தன. பல இடங்களில் இயற்கையான மணல்மேடுகளும் அவற்றில் வாழ்ந்த செடிகொடிகளும் அந்த நடவில் பாதிக்கப்பட்டன என்று சூழலியலாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். மணல்மேடே ஓர் அரண்தான்.

இப்போது மரத்துக்கு ஒரு விலையும் சேர்கிறது. திறந்த மணல்வெளி கார்பன் கணக்கில் பூஜ்ஜியம். அங்கே மரம் நின்றால் வரவு. ஆனால் அந்த மணல்வெளியில்தான் வலை காய்கிறது, படகு நிற்கிறது, மீன் ஏலம் போகிறது. மீனவர்கள் தலைமுறைகளாகப் புழங்கும் இடத்துக்குப் பட்டா இருப்பதில்லை. கார்பன் மட்டும் மதிப்புப் பெற்று, மற்றதெல்லாம் மதிப்பில்லாமல் போனால், கணக்குப் பலகையில் குப்பம் 'காலி இடம்' ஆகிவிடும்.

துல்லியமாக அளப்பது இங்கே குப்பத்துக்கு ஆதரவாகவே நிற்கும். கொட்டும் மணலில், உப்புக் காற்றில் வளரும் கொஞ்ச மரம் எவ்வளவு கார்பனைப் பிடிக்கும் என்று நேர்மையாக அளந்தால், 1.44 கோடி டன் உமிழும் நகரத்துக்கு அது கடுகளவு என்பது தெரிந்துவிடும். நகரத்தின் உமிழ்வில் பெரும்பங்கு கட்டடங்களில் இருக்கும்போது, அதற்கான ஈட்டைக் கடற்கரையில் தேடுவது முறையா என்ற கேள்வியும் அப்போது எழும்.

என்ன கேட்க வேண்டும்?

கடலோரத்தில் கார்பன் பெயரைச் சொல்லி அடுத்த திட்டம் வரும்போது, கிராமசபையிலோ வார்டு கூட்டத்திலோ யாரும் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

ஒன்று: இந்த எண் இங்கே அளந்ததா, வேறு ஊரிலிருந்து எடுத்துப் பெருக்கியதா? இங்கே அளந்தது என்றால் எத்தனை மாதம்? வடகிழக்குப் பருவமழையும் கோடையும் இரண்டும் அதில் வருகிறதா? ஆற்று நீர் வரத்தும் உப்பும் அந்த இரண்டு காலங்களில் தலைகீழாக மாறும் என்பதால், ஒரு பருவத்தை மட்டும் அளந்தால் பயனில்லை.

இரண்டு: சொல்வது கார்பனா, கார்பன் டை ஆக்சைடா? மீத்தேனைக் கழித்தாயிற்றா? அலையோடு போவதைக் கணக்கில் எடுத்தாயிற்றா?

மூன்று: புயல் அடித்தால் விற்ற வரவை யார் திருப்பித் தருவது?

நான்கு: அளவுகள் பொதுவெளியில் கிடைக்குமா? மக்கள் பணத்தில் நிறுவும் கருவியின் தரவு, மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஃப்ளக்ஸ்நெட் தரவுகளை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராய முடிகிறது. நம் கடலோரத் தரவுக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

ஐந்து: அந்த நிலத்தில் இப்போது யார் தொழில் செய்கிறார்கள்? வரவு விற்ற பணத்தில் அவர்களுக்கு என்ன பங்கு?

அரசுக்கும் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. பிச்சாவரத்தில் கோபுர அளவீடு இடைவெளி இல்லாமல் நீண்டகாலம் தொடர வேண்டும். ஓரிரு வருடத் தரவு தொடக்கம் மட்டுமே. முத்துப்பேட்டை போன்ற மற்ற அலையாத்திக் காடுகளிலும் பள்ளிக்கரணையிலும் இதே போன்ற அளவீடு தேவை. சென்னைக்குள் ஓர் உயரமான இடத்தில் கருவி வைத்து, நகரத்தின் புத்தகக் கணக்கைக் காற்றோடு ஒப்பிட வேண்டும். ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் சுவாமிநாதன் நிறுவனமும் இருக்கும் ஊரில் இதற்கு ஆள் பஞ்சம் இருக்காது. நெய்தல் மீட்சி இயக்கத்தின் செலவோடு ஒப்பிட்டால் கருவிச் செலவு ரொம்பச் சின்னது.

லூப் ரோட்டில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், பிறகு தராசைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் விலை பேசுகிறார்கள். கார்பன் வரவுக்கும் அதே வரிசைதான் சரி: பொருளைப் பார், அளவைப் பார், பிறகு விலை பேசு. இப்போது விலைப் பேச்சு முந்திக்கொண்டிருக்கிறது. தராசு இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை.